தப்பைக் காட்டாத செஸ் சாஃப்ட்வேர்

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. 2001-ஆம் ஆண்டு சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு கணினி மாத இதழுக்கு நான் எழுத ஒப்புக்கொண்ட கட்டுரை. தலைப்பை ஆசிரியரே கொடுத்துவிட்டார்: ‘சுமாராக ஆடும் கிளப் ஆட்டக்காரர் எந்தச் செஸ் சாஃப்ட்வேரை வாங்கலாம்?’ நானும் சுமாராக ஆடுகிறவன்தான். அதனால் இந்த வேலை என் தலையில் விழுந்தது. சித்தூரில் பஸ் ஏறித் திருப்பதிக்குப் போனேன். மனோரமா என்ற பெண் நடத்திய சி.டி. கடையில் நின்று, அட்டைப்பெட்டிகளின் பின்பக்கத்தைப் படித்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் ஒருவர் வந்து நின்றார். நாற்பதைத் தாண்டிய வயது, அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்த முகம். கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துத் துடைத்து, கடைசியில் கேட்டார்.

"ஏம்மா, நாம எங்க தப்பு பண்ணோம்னு காட்டாத செஸ் சாஃப்ட்வேர் எதனா கீதா?"

மனோரமா சிரித்துவிட்டாள். "ஏமண்டி சார், அல்லாரும் தப்பு காட்டுதான்னு கேட்டு வாங்கினு போறாங்க. நீங்க இன்னா உல்டாவா கேக்கறீங்க?"

அவர் சிரிக்கவில்லை. கர்ச்சீப்பை மடித்துப் பையில் வைத்துவிட்டு, பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தார். என் கட்டுரை அந்த இடத்திலேயே படுத்துவிட்டது. அவர் சி.டி. வாங்கியதும் பக்கத்து டீக்கடைக்குக் கூட்டிப்போனேன்; அங்கே தொடங்கிய பேச்சு பல ஞாயிற்றுக்கிழமை நீண்டது. அவர் பெயர் கங்கையா. (நிஜப் பெயர் வேறு. கதை முடியும்போது அவருக்கு நான் செய்யப்போகும் காரியத்துக்கு, பெயரையாவது மாற்றியது நல்லதாய்ப் போயிற்று.)

2

தொடக்கங்கள். எழுதிப் பார்த்துக் கைவிட்டவை:

‘கங்கையாவுக்குச் சாவைக் கண்டு பயமில்லை, கம்ப்யூட்டரைக் கண்டால்தான் பயம்.’ படிக்க ஜோராக இருக்கிறது. ஆனால் பொய். அவருக்குச் சாவைக் கண்டும் பயம்தான், மேலதிகாரியைக் கண்டும் பயம்தான், எதிர்வீட்டு நாயைக் கண்டும் பயம்தான்.

‘திருப்பதியில் அன்று வெயில்’ என்று தொடங்கி நிறுத்திவிட்டேன். அந்த ஊரில் வெயில் அடிப்பது ஒரு செய்தியா?

‘1987-இல் சித்தூரில் இரண்டு நண்பர்கள் செஸ் ஆடினார்கள். ஜெயித்தவருக்கு அரசாங்க வேலை கிடைத்தது.’

இதை வைத்துக்கொள்கிறேன். அழகு கிடையாது. ஆனால் கங்கையாவின் தொண்டையை அடைத்துக்கொண்டு நிற்பது இந்த இரண்டு வாக்கியம்தான்.

3

கங்கையாவும் சீனுவும் வடமாலபேட்டைப் பக்கம் ஒரே காலனி. இரண்டு வீட்டுக்கும் கையளவு நிலம் கிடையாது. பெரியவர்களுக்கு மாந்தோப்பில் கூலி வேலை, பிள்ளைகளுக்குப் புத்தூரில் இலவச ஹாஸ்டல். ஹாஸ்டலில் கேரம் போர்டு உடைந்துபோய், மிச்சம் இருந்தது செஸ் போர்டு ஒன்றுதான். இருவரும் ஆட்டக்காரர்கள் ஆனது இப்படித்தான். பத்து ஆட்டம் ஆடினால் ஏழு சீனு ஜெயிப்பான். இதைக் கங்கையாவே சொன்னார்.

சித்தூரில் மாவட்டப் போட்டி. முதலாவதாக வருபவருக்கு ஒரு சான்றிதழ். அதைக் காட்டி விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். கடைசிச் சுற்றில் இந்த இரண்டு பேருமே எதிரெதிரே உட்காரும்படி ஆயிற்று. இரண்டு பேருக்கும் ஒரே புள்ளி. இரண்டு பேருடைய சட்டையும் இரவல்.

பதினோராவது நகர்த்தலில் கங்கையா தன் பிஷப்பைத் தூக்கிச் சீனுவின் ராஜாவுக்கு முன்னால் நின்ற சிப்பாயை அடித்துச் செக் வைத்தார். ராஜா பிஷப்பைத் தின்றது. உடனே குதிரையைப் பாய்ச்சி இன்னொரு செக்.

(செஸ் தெரியாதவர்கள் பக்கத்தைத் திருப்ப வேண்டாம். இந்தக் கதைக்கு ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும். அந்த இடத்தில் ராஜாவுக்கு இரண்டு வழி. ஒன்று, பின்னால் போய்ப் பழைய மூலையில் ஒளிந்துகொள்வது. இன்னொன்று, முன்னால் ஒரு கட்டம், திறந்த வெளிக்கு வருவது. பின்னால் போவதுதான் பத்திரம் என்று எல்லாருக்கும் தோன்றும். அந்த ஆட்டத்தில் பின்னால் போனால் சாவு. முன்னால் வந்தால் ராஜாவை யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. வெள்ளைக் காய் ஆடிய கங்கையா ஒரு பிஷப்பைச் சும்மா கொடுத்ததுதான் மிச்சம்.)

குதிரையிலிருந்து கையை எடுத்த அடுத்த நொடி கங்கையாவுக்கு அந்த முன்கட்டம் தெரிந்துவிட்டது.* தொட்ட காயைத் திருப்பி எடுக்க முடியாது. சீனு இருபது நிமிடம் யோசித்தான். அந்த இருபது நிமிடமும் கங்கையா மலை மேல் இருப்பவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அவன் கண்ணை மறைத்துவிடு.

சீனு ராஜாவைப் பின்னால் நகர்த்தினான். அதற்குப் பின் ஒன்பதே நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது. எழுந்து கை கொடுத்தான். "சூப்பரா ஆட்னடா" என்றான்.

மறு வருடம் கங்கையாவுக்குத் திருப்பதியில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை கிடைத்தது. அரசாங்க மாப்பிள்ளை என்பதால் ஜெயம்மாவின் வீட்டில் யோசிக்காமல் பெண் கொடுத்தார்கள். சீனு லாரியில் கிளீனராக ஏறினான், பிறகு டிரைவர், 93-இல் குவைத். அங்கே பாலைவன ரோட்டில் தண்ணீர் டேங்கர் ஓட்டினான்.

[* ‘எனக்கு அப்பவே தெரிஞ்சி போச்சு சார்’ என்ற ஐந்து வார்த்தையை என்னிடம் சொல்ல அவருக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. முதல் ஞாயிறு முழுக்க, தான் எல்லாவற்றையும் கணக்குப் போட்டுத்தான் பிஷப்பைக் கொடுத்ததாகச் சாதித்தார்.]

4

திருப்பதி கிளப்பில் அவருக்குப் பெயரே பிஷப் கங்கையா. அங்கே ஒரு வழக்கம் உண்டு. புதிதாக யார் சேர்ந்தாலும், முதல் நாள் அவர்களை உட்கார வைத்துச் சித்தூர் ஆட்டத்தைக் காட்ட வேண்டும். கங்கையாவே காய்களை நகர்த்திக் காட்டுவார். பதினான்கு வருடமாக மற்ற ஆட்டங்களில் அவர் ஜெயிப்பதும் தோற்பதும் பாதிப் பாதி. யாரும் கேலி செய்ததில்லை. அந்த ஒரு ஆட்டம் காப்பாற்றியது.

ஒருமுறை, புதிதாக மாற்றலாகி வந்த ஆதிநாராயணன் என்ற வங்கி அதிகாரி, பாதியில் குறுக்கே விரலை வைத்தார்.

"இங்க ராஜா முன்னால வந்தா?"

"அதுவும் அவுட்டுதான் சார்" என்று கங்கையா காய்களை வழித்து டப்பாவில் போட்டு மூடிவிட்டார். அதற்குப் பிறகு ஆதிநாராயணன் உட்காரும் மேசைப் பக்கமே அவர் போவதில்லை.

இப்படிச் சமாளித்துக்கொண்டிருந்தவருக்குத்தான் ஒரு சனிக்கிழமை காலையில் போன் வந்தது.

"கங்கா, நான்தான்டா. வந்துட்டேன். இனிமே போறதில்ல. காஞ்சனாவுக்குப் படிப்புக்கோசரம் கம்ப்யூட்டர் வாங்கிக் குடுத்துக்கீறேன். அதுல செஸ்ஸு போட்டுக்கலாமாமே! நீ கிளப்புல கீற ஆளு, நீயே நல்லதா ஒண்ணு பாத்து வாங்கினு வா. நம்ம சித்தூர் ஆட்டம் எழுதன பேப்பரு இன்னும் எங்கிட்ட கீதுடா. அத்த மிஷின்ல போட்டுப் பாத்துடலாம்."

கங்கையா போனை வைத்தார். தோசைக் கரண்டியோடு வந்த ஜெயம்மா அவரைப் பார்த்துப் பயந்துபோனாள்.

"இன்னாங்க, மூஞ்சி இப்டி வெளுத்துப் போச்சி? யாரு போன்ல?"

"சீனு. வந்துட்டானாம்."

"அட, நல்ல சேதிதானே! அதுக்கு ஏன் பேயறஞ்சா மாதிரி நிக்கறீங்க? வந்து துன்னுங்க."

அவரால் ஒரு வாய் தின்ன முடியவில்லை. பதினான்கு வருடமாக ஒரு கேள்வியின் மேல் உட்கார்ந்திருந்தார். சீனு அன்றைக்கு முன்கட்டத்தைப் பார்த்தானா, பார்க்கவில்லையா? பார்த்தும் பின்னால் போனான் என்றால், இந்த வீடு, ஜெயம்மா, இந்தத் தோசை எல்லாமே சீனு போட்ட பிச்சை. பார்க்கவில்லை என்றால் அது இன்னும் மோசம். ஒரே ஒரு கட்டத்தைக் கவனிக்காமல் விட்டதால்தான் தன் வாழ்க்கை பாலைவனத்தில் போயிற்று என்று, இத்தனை வருடம் கழித்து, மகளின் கம்ப்யூட்டர் அவனுக்குக் காட்டிக்கொடுக்கும். அதைப் பார்க்கும்போது பக்கத்து நாற்காலியில் கங்கையா உட்கார்ந்திருப்பார்.

5

ஆசிரியருக்கு வாக்குக் கொடுத்த கட்டுரையின் ஒரு பகுதியை இங்கே சேர்க்கிறேன். எழுதியது வீணாகப் போகக் கூடாது.

சுமாரான ஆட்டக்காரர் பொதுவாகச் செய்யும் தவறு, கடையில் இருப்பதிலேயே பலமான சாஃப்ட்வேரை வாங்குவது. உலக ஜாம்பவான்களையே மண்ணைக் கவ்வ வைக்கும் இயந்திரம் உங்களுக்கும் எனக்கும் எதற்கு? முதல் வாரம் ஆசையாக ஆடுவோம். இருபது ஆட்டமும் தோற்போம். இரண்டாம் வாரம் சி.டி. பெட்டிமேல் டம்ளர் வைப்போம். அது ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஒரு எண் காட்டும்; எத்தனை காய் அளவுக்கு யார் கை ஓங்கியிருக்கிறது என்பதற்கான கணக்கு. ஏன் என்று கேட்டால் சொல்லாது. உங்கள் தரத்துக்கு இறங்கி ஆடும் வசதி, எப்போதாவது மனிதனைப் போலத் தவறும் குணம், ஆட்டம் முடிந்ததும் பிசகிய இடத்தைப் பொறுமையாக எடுத்துச் சொல்லும் வசதி, இவை இருக்கும் இரண்டாவது ரகமே நமக்குச் சரி. மூன்றாவதாகக் குழந்தைகளுக்கானவை. ராஜாவுக்குப் பதில் சிங்கம் நிற்கும், செக் வைத்தால் உறுமும். அவற்றைப் பெரியவர்கள் வாங்க வேண்டிய

இந்த வாக்கியத்தில்தான் நான் நின்றுபோனேன். கங்கையா வாங்கியது அந்தச் சிங்கத்தை.

மனோரமா அவருக்கு நல்ல மனதோடு இரண்டாவது ரகத்தைத்தான் காட்டினாள். "இதி தீஸ்கோண்டி சார், இத்த எடுத்துக்கோங்க, நல்லாருக்கும். நீங்க தப்பு பண்ண எடத்துல செவப்பா கோடு போட்டுக் காட்டும்."

"செவப்பா?"

"ஆமா சார். இன்னா ஆடிருக்கணும்னும் சொல்லும்."

கங்கையா அந்தப் பெட்டியைச் சூடான பாத்திரத்தைப் போலக் கீழே வைத்தார். "இந்தச் சிங்கம் போட்டது இன்னா சொல்லும்?"

"அது சின்னப் பசங்களுது சார். ஒண்ணும் சொல்லாது. சும்மா கத்தும்."

"அத்தக் குடும்மா."

6

சீனுவைப் பற்றி ஒரு சந்தேகம். என் சந்தேகம்.

சீனுவை நான் பார்த்ததே இல்லை. முதல் படியில் அவனை மகானாக எழுதினேன். நண்பனுக்காகத் தன் வாழ்க்கையையே விட்டுக்கொடுத்தவன். படித்தபோது எனக்கே கூசியது. அடுத்த படியில் பதினான்கு வருடம் காத்திருந்து பழிவாங்க வருபவனாக ஆக்கினேன். அதுவும் நிற்கவில்லை. பழிவாங்க வருகிறவன் எங்காவது, ‘நீயே நல்லதா பாத்து வாங்கினு வா’ என்பானா?

(என்பான். அப்படித்தான் சொல்வான். இதை எழுதும்போது எனக்கு முதுகு சிலிர்த்தது. கங்கையாவின் பயம் எனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது.)

வடமாலபேட்டைக்குப் போய் அவனை நேரில் பார்த்துவிடுகிறேன் என்று கங்கையாவிடம் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம் சார். உங்கள கெஞ்சிக் கேட்டுக்கறேன். அவன் சொல்றத நீங்க கேட்டுட்டீங்கன்னா அப்புறம் நான் உங்ககிட்டருந்து கேட்டே ஆவணும்." ஆகவே சீனுவை நான் கங்கையாவின் கண்ணால்தான் பார்த்து எழுதுகிறேன். அந்தக் கண் பயந்த கண் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

7

சென்னை ரோட்டுமேல் சீனுவின் புது வீடு. ஞாயிற்றுக்கிழமை மதியம். சீனுவுக்கு முடி பாதி போய்விட்டிருந்தது. ஓடி வந்து கட்டிக்கொண்டான். கங்கையாவின் கைகள் அவன் முதுகைத் தொடலாமா என்று தயங்கின.

மகள் காஞ்சனா சி.டி.யைப் போட்டாள். திரையில் சிங்கம் வந்து வாலை ஆட்டியது.

"இன்னாடா இது, சர்க்கஸா?" என்றான் சீனு.

"ஆரம்பத்துக்கு இதான் சரியா இருக்கும்னு கடைல சொன்னாங்கடா." சொல்லும்போது கங்கையா சுவரைப் பார்த்தார். "நல்லதெல்லாம் ஸ்டாக் இல்லியாம்."

"சரி வுடு, எதுவா இருந்தா இன்னா?"

சீனு பீரோவிலிருந்து அந்தப் பேப்பரை எடுத்துவந்தான். நாலாய் மடித்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டிருந்தான். அவன் படிக்கப் படிக்கக் காஞ்சனா காய்களை நகர்த்தினாள். கங்கையா நகர்த்தல்களை எண்ணிக்கொண்டே வந்தார். ஒன்பது. பத்து. பிஷப் சிப்பாயை அடித்தது. சிங்கம் உறுமியது. குதிரை பாய்ந்தது. மறுபடி உறுமல்.

"நிறுத்தும்மா" என்றான் சீனு. "இங்கருந்து வெள்ளைய மிஷின் ஆடட்டும். கறுப்ப நான் ஆடறேன்."

மகளை எழுப்பிவிட்டு உட்கார்ந்தான். மவுசைப் பிடித்தான். யோசிக்கவே இல்லை. ஒரு மூச்சு விடும் நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. சிங்கத்தைப் பிடித்து முன்னால் ஒரு கட்டம் வைத்தான்.

"நைனா, பேப்பர்ல அப்டி இல்லியே?" என்றாள் காஞ்சனா.

"பேப்பர்ல இல்ல" என்றான் சீனு.

கங்கையாவுக்குப் புரிந்துவிட்டது. பலமான சாஃப்ட்வேரை வாங்கியிருந்தால் திரையில் ஒரு எண் வந்திருக்கும். இரண்டு பேரும் அந்த எண்ணைப் பார்த்து, ‘அடடே, அன்னிக்கு நமக்கு இது தெரியாமப் போச்சே’ என்று ஆச்சரியப்பட்டிருக்கலாம். சீனுவுக்கு அந்த நடிப்புக்காவது ஒரு வழி இருந்திருக்கும். தப்பைக் காட்டாததாகப் பார்த்து வாங்கி, அந்த மறைப்பையும் கங்கையாவே பிடுங்கிப்போட்டுவிட்டார். இயந்திரம் வாயை மூடிக்கொண்டதால் சீனுவின் கை பேசிவிட்டது.

இருபது நகர்த்தலில் சீனு இயந்திரத்தை ஜெயித்தான். காஞ்சனா கை தட்டினாள். சாப்பிட்டார்கள். கறி ருசியாக இருந்ததா என்று கங்கையாவுக்கு நினைவில்லை. சாயங்காலம் சீனு அவரை பஸ் ஏற்றிவிட ரோட்டுக்கு வந்தான். பஸ் வர நேரம் இருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை.

"அதுக்கு மேல வேணாம் சார்" என்று கங்கையா என்னிடம் சொல்லிவிட்டு டீக்குக் காசு கொடுக்க எழுந்துவிட்டார்.

8

இனி வருவது நான் எழுதியது. பஸ் நிறுத்தத்தில் கங்கையா கேட்டே விடுகிறார் என்று வைத்துக்கொள்கிறேன். "அந்தக் கட்டத்த எப்படா கண்டுபுடிச்ச?"

முதல் முடிவு. "இப்பத்தான்டா, ஒக்காந்த ஒடனே தோணுச்சி" என்கிறான் சீனு. பொய் என்று இருவருக்கும் தெரியும். கங்கையா அந்தப் பொய்யை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுகிறார். இனி அவன் வீட்டுப் பக்கம் போகப்போவதில்லை.

இரண்டாம் முடிவு. "குவைத்துல. வண்டி ஓட்டிக்கினே மனசுக்குள்ள ஆடிப் பாப்பேன். ஆறாவது வருசம் தெரிஞ்சிது. வண்டிய ஓரங்கட்டிட்டு அழுதேன்." இதை எழுதிவிட்டு நான் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன்.

மூன்றாம் முடிவு. கங்கையா கேட்கவே இல்லை. பஸ் வருகிறது, ஏறுகிறார். மேலும் முப்பது வருடம் உயிரோடு இருக்கிறார், அதே பயத்தோடு.

நாலாம் முடிவு. இதை நான் யோசித்து எழுதவில்லை, பேனா எழுதிக்கொண்டு போயிற்று. சீனு ரோட்டையே பார்த்துக்கொண்டு சொல்கிறான்:

"போர்டுல நான் ஒண்ணும் பாக்கலடா. இருவது நிமிசம் தேடிக்கினே இருந்தேன், கெடைக்கல. சரின்னு தல தூக்கி உன் மூஞ்சியப் பாத்தேன். ஜெயிக்கப் போறவன் ஏன் இப்டி நடுங்கறான்னு தோணுச்சி. அப்புறம்தான் முன்னால கீற கட்டத்தப் பாத்தேன்."

"அப்ப ஏன்டா பின்னால போன?"

"அவ்ளோ பயத்த நான் யார் மூஞ்சிலயும் பாத்ததில்லடா."

இதற்குக் கங்கையா என்ன பதில் சொல்ல முடியும்? ஒன்பது முறை எழுதிப் பார்த்தேன். ‘கங்கையா அவன் கையை’ என்று ஒரு தடவை. ‘பஸ்ஸின் ஹாரன்’ என்று ஒரு தடவை. ‘சீனு, நானும் அன்னிக்கு’ என்று ஒரு தடவை. எதுவும் நகரவில்லை.

9

அவர் அனுமதி இல்லாமல் அச்சுக்குக் கொடுக்க எனக்குத் துணிச்சல் இல்லை. எல்லாவற்றையும் ஒரு படி எடுத்து, நாலு முடிவுகளோடும், கங்கையாவின் அலுவலக முகவரிக்குத் தபாலில் அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் உறைத்தது. நாலாவது நடந்திராவிட்டால், அப்படி நடந்திருக்கலாம் என்ற பயத்தை அவர் தலைக்குள் புதிதாகப் போட்டவன் நான். நடந்திருந்தால், யாருக்கும் சொல்லாத ஒன்றைச் சில வாரமே பழகிய ஒருவன் எழுதிவைத்திருப்பதை அவர் படிக்கப்போகிறார். இரண்டு வாரம் நான் சரியாகத் தூங்கவில்லை. தபால்காரரைக் கண்டால் உள்ளே போய்விடுவேன்.

மூன்றாவது வாரம் உறை திரும்பி வந்தது. கடிதம் ஏதும் இல்லை. முதல் முடிவின் ஓரத்தில் பென்சிலால் ‘இல்லை’ என்று எழுதியிருந்தார். இரண்டாவதின் ஓரத்திலும் ‘இல்லை’. மூன்றாவதின் ஓரத்திலும் ‘இல்லை’.

நாலாவதின் ஓரத்தில் ஒன்றும் இல்லை. அந்தப் பக்கம் வரைக்கும் அவர் படிக்கவில்லை என்று நம்பத்தான் எனக்கு விருப்பம். நீங்கள் எதை நம்புகிறீர்கள் என்று எனக்கு எழுதிவிடாதீர்கள்.